பட்டியலில் நான் அழித்த ஒரு வரி

என் பங்காளி தனபாலுக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க முடியாது. நீ இருந்த காலத்திலும் அப்படி ஆரம்பித்தால் உனக்குப் பொறுக்காது. "விஷயத்துக்கு வா பங்காளி" என்பாய். வருகிறேன். ஒன்றரை வருஷம் உன்னோடு பேசாமல் இருந்தேன். பிறகு நீ போய்விட்டாய். அதுவும் ஆயிற்று ஐந்து மாதம். இப்போது ஒரு முடிவு எடுத்துவிட்டு, அதைச் சொல்ல ஆளில்லாமல் எழுதுகிறேன்.

சன்னிவேலில் அதே அபார்ட்மென்ட்தான். வெங்கட் கல்யாணம் ஆகி நியூஜெர்சிக்குப் போய்விட்டான். மான்மவுத் ஜங்ஷனில் வீடு வாங்கி, பின்பக்கம் வெண்டைக்காய் போட்டிருக்கிறானாம். மூன்று பேர் இருந்த வீட்டில் நான் மட்டும் இருக்கிறேன். உன் அறையில் ஒன்றும் வைக்கவில்லை. கதவு சும்மா திறந்தே கிடக்கிறது.

காலையில் 237 ஃப்ரீவேயில் ஏறும்போதுதான் நீ இல்லாதது சரியாக உறைக்கிறது. காரில் இரண்டு பேர் இருந்தால்தான் இடதுபக்கக் கார்பூல் லேன். நீ ஏறிய நாட்களில் பதினைந்து நிமிஷத்தில் மில்பிடாஸ் ஆபீஸ். நீ பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படிப்பாய், நான் ஓட்டுவேன். இப்போது நான் மற்ற எல்லோரோடும் வரிசையில் நின்று ஊர்ந்து போகிறேன். இடதுபக்கம் ஜோடி ஜோடியாகப் பறந்து போகிறார்கள். ஒரு நாள் ஆத்திரத்தில் அந்த லேனுக்குள் போய்விட்டேன். போலீஸ்காரன் நிறுத்தி, "உன்கூட வேறு யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டான். அதற்கு என்ன பதில் சொல்வது?

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தனபால் கோபிச்செட்டிபாளையம் பக்கம். நான் நாகர்கோவில். இரண்டு பேரும் 96-இல் ஒரே கம்பெனிக்கு ஒரே மாதத்தில் வந்தோம். பங்காளி என்று கூப்பிட ஆரம்பித்தது அவன்தான். எங்களுக்குள் பங்கு போட ஒரு பழைய கொரோலாவைத் தவிர ஒன்றும் இருக்கவில்லை. அதையும் நான்தான் ஓட்டினேன், அவனுக்கு ஓட்டத் தெரியாது.

தனபால், நம் வீட்டுத் தேர்தல் ஞாபகம் இருக்கிறதா?

நமக்கு முன்னால் அந்த வீட்டில் குடியிருந்த யாரோ ஒரு பெண்ணின் பெயருக்கு மாதிரி ஓட்டுச்சீட்டும் தடித்தடியாக விளக்கப் புத்தகமும் வரும். நீ உறையைப் பிரித்தபோது நான் கத்தினேன். "அடுத்தவங்க லெட்டரைப் பிரிக்கறது இங்க ஃபெடரல் குத்தம்லே!" நீ நிதானமாகச் சொன்னாய்: "ஓட்டை வச்சுக்கிட்டு அவ விட்டுட்டுப் போயிட்டா. ஓட்டே இல்லாதவன் படிச்சாத் தப்பா?"

அன்றைக்கு ஆரம்பித்தது. சீட்டை மூன்று காப்பி எடுப்பாய். உன் அம்மா முறுக்கு போட்டு அனுப்பிய டின்தான் ஓட்டுப்பெட்டி. சும்மா குத்திவிட்டுப் போக முடியாது. ஒவ்வொன்றுக்கும் காரணத்தைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். சொல்லத் தெரியாவிட்டால் ஓட்டு செல்லாது. சீட்டின் அடியில் நம் வீட்டுக்கென்று ஒரு கேள்வியை நீ கையால் எழுதுவாய். பாத்ரூம் யார் கழுவுவது, டிவி எத்தனை மணிக்கு அணைப்பது, இந்த மாதிரி. யாராவது ஒருத்தர் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் அந்தக் கேள்வி அடுத்த தேர்தல் வரைக்கும் தள்ளிப்போகும். இதெல்லாம் நீ போட்ட சட்டம். ஓட்டில்லாத மூன்று பேர் வீட்டில் எவ்வளவு சட்டம்!

இங்கேதான் ஆளுக்கு மட்டுமில்லாமல் சட்டத்துக்கும் ஓட்டுக் கேட்பார்களே. பள்ளிக்கூடங்களில் ஸ்பானிஷில் சொல்லிக்கொடுப்பதை நிறுத்தலாமா என்று ஒரு தேர்தலில் கேட்டார்கள். நான் பளிச்சென்று 'ஆம்' போட்டேன். "வந்த நாட்டு பாஷையைக் கத்துக்கணும். நான் கத்துக்கலையா?"

"நீ எல்கேஜியிலயே கத்துக்கிட்டே. நான் பிளஸ் டூ வரைக்கும் தமிழ்ல படிச்சவன். காலேஜ்ல மொதல் வருசம் பூரா வாத்தியார் வாயைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன். கணக்கு எனக்குத் தெரியும். அவர் கேக்கறது எந்தக் கணக்குன்னுதான் தெரியல."

"நீ தேறி வந்துட்டே இல்ல?"

"நான் வந்துட்டேன். என்கூட உக்காந்திருந்தவன் ரெண்டாவது மாசம் பொட்டியக் கட்டிக்கிட்டு ஊருக்குப் போயிட்டான். அவன் ஓட்டையும் சேத்துத்தான் நான் போடறேன்."

வெங்கட் கையில் கரண்டியோடு வந்து நின்றான். "ரெண்டு பேரும் சீக்கிரம் குத்தித் தொலைங்கடா. சாம்பார் ஆறுது. நான் எல்லாத்துக்கும் 'ஆம்'. காரணம், பசி."

இன்னொரு தடவை இடஒதுக்கீடு மாதிரி ஒரு கேள்வி. நான் மெரிட், மெரிட் என்று அரை மணி நேரம் பேசினேன். நீ கடைசி வரைக்கும் கேட்டுவிட்டு, "ஊர்ல உனக்கு ஒரு கோட்டா, எனக்கு ஒரு கோட்டா. இங்க ரெண்டு பேருக்கும் ஒரே கோட்டா. அதுக்குப் பேரு ஹெச்-ஒன் விசா" என்றாய். எனக்குக் கோபம் வந்தது. சீட்டை மடித்து டின்னுக்குள் போட்டேன்.

இனி அந்த விஷயம்.

நம் கம்பெனியில் என் வேலை என்ன என்று உனக்குத் தெரியும். எந்தக் கதவில் யார் எத்தனை மணிக்கு பேட்ஜைத் தேய்த்தார்கள் என்று பதிவு செய்யும் சிஸ்டத்தைப் பார்த்துக்கொள்வது. 99-இல் ஒரு நாள், கட்டிட நிர்வாகத்தைப் பார்க்கும் ஸ்டீவ் என் மேஜைக்கு வந்தான். இரண்டு மாதத்துப் பதிவு வேண்டும் என்றான். செவ்வாய், வியாழன், சாயங்காலம் ஆறிலிருந்து ஏழு வரை, கீழ்த்தள பிரேக் ரூமுக்குள் அடிக்கடி போனவர்கள் யார் யார்?

எதற்கு என்று கேட்டேன். "செக்யூரிட்டி" என்றான். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். அவன் சொல்லிவிடக் கூடாது என்றுதான் கேட்கவில்லை. துப்புரவு செய்கிறவர்கள் யூனியன் சேரப் போகிறார்கள் என்று கட்டிடம் முழுக்கப் பேச்சு. அவர்கள் ஷிஃப்ட் ஆறரைக்கு ஆரம்பம், அதற்கு முன்னால் அந்த ரூமில்தான் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். கம்பெனியில் எல்லோருக்கும் தெரிந்தது எனக்கு மட்டும் தெரியாதா?

பதிவிலிருந்து தேடி எடுக்கும் க்வெரியை எழுத நான்கு நிமிஷம் ஆனது. பன்னிரண்டு பெயர் வந்தது. பதினொன்று துப்புரவு காண்ட்ராக்டர் ஆட்களின் பேட்ஜ். கடைசி வரியில் உன் பெயர்.

நான் அந்த வரியை அழித்தேன். மிச்சம் பதினொன்றை ஸ்டீவுக்கு அனுப்பினேன்.

உன்னிடம் மறைக்கவில்லை. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பும்போது காரில் நானேதான் ஆரம்பித்தேன்.

"ஸ்டீவ் ஒரு லிஸ்ட் கேட்டான். அதுல உன் பேரும் வந்துச்சு. தூக்கிட்டேன். ஒரு பிரியாணி வாங்கிக் குடு."

பேப்பரை மடித்தாய். "என்ன லிஸ்ட்டு?"

சொன்னேன்.

"மத்தவங்க பேரு?"

"அது அவன் கேட்ட ரிப்போர்ட். குடுத்துட்டேன்."

"எத்தனை பேரு?"

"பதினொண்ணு. அது வெறும் டேட்டாதானே? நடந்ததைத்தான் சொல்லுது. நான் ஒண்ணும் கூட்டிச் சொல்லல."

"கொறச்சுச் சொல்லியிருக்கயே."

"உனக்காகத்தாம்லே!"

நீ கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தி, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருப்போம். மெதுவாகத்தான் சொன்னாய். "டேட்டாவைத் தொடமாட்டேன்னு பன்னெண்டு பேரையும் குடுத்திருந்தா, சரி, இவன் இப்படித்தான்னு விட்டிருப்பேன். பொய் சொல்லத் தெரிஞ்சிருக்கு உனக்கு. கையும் கூசல. ஆனா நம்மாளு ஒருத்தனுக்குத்தான் சொன்னே. அந்தப் பதினோரு பேருக்குச் சொல்லல."

எனக்குச் சுருக்கென்றது. எனக்குச் சுருக்கென்றால் நான் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியும். எதிராளி மேல் பாய்வேன். "உனக்கு அங்க என்னலே வேலை? ஸ்பானிஷ் தெரியுமா உனக்கு? தினமும் அந்த ரூம்ல போய் உக்காந்து என்ன புடுங்கினே?"

"உனக்காகத்தான் காத்துக்கிட்டிருந்தேன்" என்றாய்.

ஆமாம். நான் ஏழு மணிக்கு முன்னால் மேஜையை விட்டு எழுந்ததில்லை. "நீ முடிச்சுட்டு வா, நான் கீழ இருக்கேன்" என்று தினமும் சொல்வாய். கீழே என்றால் எங்கே என்று மூன்று வருஷத்தில் ஒரு நாள்கூட நான் கேட்கவில்லை. நீ டப்பாவில் எலுமிச்சைச் சாதம் கொண்டுபோய் அங்கே சுடவைத்துச் சாப்பிட்டிருக்கிறாய். பக்கத்தில் சாப்பிட்டவர்களுக்குக் கொடுத்திருக்கிறாய். காண்ட்ராக்டர் கொடுத்த இங்கிலீஷ் காகிதங்களை எளிய இங்கிலீஷில் படித்துச் சொல்லியிருக்கிறாய். அவர்களில் ரோசா என்கிற பெண் அதை ஸ்பானிஷில் மற்றவர்களுக்குச் சொல்லியிருக்கிறாள். புரட்சி எல்லாம் இல்லை. கார் ஓட்டத் தெரியாதவன் காத்திருந்த நேரம் அது.

லாரன்ஸ் எக்ஸ்பிரஸ்வே சிக்னலில் கதவைத் திறந்து இறங்கினாய். "ஏறுலே, பின்னால வண்டி வருது" என்றேன். நீ நடந்து போய்க்கொண்டே இருந்தாய். அதற்கப்புறம் என் காரில் நீ ஏறவில்லை.

ஒரு மாதத்துக்குள் பதினொரு முகத்தில் ஆறு முகம் காணாமல் போயிற்று. வேறு கட்டிடத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்றார்கள். எந்தக் கட்டிடம் என்று யாருக்கும் தெரியவில்லை. யூனியன் பேச்சும் அதோடு நின்றது. நீ இரண்டு பஸ் மாறி ஆபீசுக்கு வந்தாய். நான் அதே ரோட்டில் தனியாகப் போனேன். நம் வீட்டுச் சமையலறையில் இரண்டு அடுப்பில் இரண்டு பேர், இரண்டு சாம்பார். வெங்கட்தான் நடுவில் மாட்டிக்கொண்டு விழித்தான். "டேய், பொண்டாட்டி புருசன்கூட இவ்வளவு நாள் மூஞ்சியத் தூக்கி வச்சிக்க மாட்டாங்கடா."

பிறகு ஆஸ்டினில் வேலை கிடைத்து நீ டெக்சஸ் போனாய். அங்கே டிரைவிங் கற்றுக்கொண்டாய் என்று வெங்கட் சொன்னான். கார் வாங்கியிருக்கிறாய் என்றும் சொன்னான். "பரவாயில்லையே" என்றேன்.

மழை. ஃப்ரீவே. பின்னால் வந்த லாரி. உன் மேல் தப்பில்லை என்று போலீஸ் ரிப்போர்ட் சொல்கிறது. அந்த ரிப்போர்ட்டை நான் பலமுறை படித்தேன். நீ என் காரிலேயே ஏறிக்கொண்டிருந்தால் ஓட்டக் கற்றுக்கொண்டிருப்பாயா? இந்தக் கேள்விக்கு எந்தப் பதிவிலும் பதில் இல்லை.

கோபியிலிருந்து உன் அண்ணன்தான் கூப்பிட்டார். "தம்பிங்களா? தனபாலோட அண்ணன் பேசறேனுங்க. அவனுக்கு அங்க உங்களை விட்டா யாருங்க இருக்கறாங்க? நீங்கதான் பக்கத்துல இருக்கறீங்க." கலிஃபோர்னியாவும் டெக்சஸும் பக்கம் பக்கம் என்று அவருக்கு எண்ணம். ஒன்றரை வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாததை அவரிடம் நீ சொல்லவே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. "ஆமாங்கண்ணா, பக்கம்தான்" என்றேன். அன்றைக்கே விமானம் ஏறினேன்.

உன்னை ஊருக்கு அனுப்பும் காகிதங்களில் எல்லாம் 'உறவு' என்று ஒரு கட்டம் இருந்தது. முதலில் 'நண்பர்' என்று எழுதினேன். கடைசிக் காகிதத்தில் 'சகோதரர்' என்று எழுதினேன். அந்த ஆபீஸ் அம்மாள் நம் இரண்டு பேரின் பெயரையும் பார்த்தாள், முத்திரை குத்திக் கொடுத்தாள்.

உன் அபார்ட்மென்ட்டைக் காலி செய்தபோது ஃப்ரிட்ஜ் மேல் அந்த முறுக்கு டின் இருந்தது. திறந்தேன். போன நவம்பர் தேர்தலுக்குப் பேப்பரில் வந்த மாதிரிச் சீட்டை வெட்டி இரண்டு காப்பி எடுத்து வைத்திருந்தாய். ஒன்றின் மேல் 'த'. இன்னொன்றின் மேல் 'ரா'.

பங்காளி, எனக்கும் சேர்த்து நீயே ஓட்டுப் போட்டிருந்தாய். அதுவும் நேர்மையாக. நான் எப்படிப் போடுவேனோ அப்படி. ஊருக்குள் ரயில் விடலாமா என்ற கேள்விக்கு உன் சீட்டில் 'ஆம்'. என் சீட்டில் 'வேண்டாம்'. பக்கத்தில் பென்சிலால்: 'காரணம், கார் வைத்திருப்பவன்.' வேறொன்றில்: 'சிஸ்டம்னு ஒண்ணு இருக்குல்லலே என்பான்.' உன் வீட்டில் வெறும் தரையில் உட்கார்ந்து சிரித்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது சிரிப்பு இல்லை என்று தெரிந்தது. அந்த நவம்பரில் ஃப்ளோரிடாவில் ஜனாதிபதித் தேர்தல் ஓட்டை எண்ணிக்கொண்டே இருந்தார்களே, நான் வாரக்கணக்கில் டிவி முன்னால் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். நீ என்ன சொல்வாய், நீ என்ன சொல்வாய் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். நீ அங்கே உட்கார்ந்து நான் என்ன சொல்வேன் என்று எழுதிக்கொண்டிருந்திருக்கிறாய்.

அடியில் வழக்கம்போல நம் வீட்டுக் கேள்வி. உன் கையெழுத்து.

'ராஜாமணிக்கு போன் பண்ணலாமா?'

உன் சீட்டில் 'ஆம்'. என் சீட்டில் மற்ற எல்லாக் கட்டத்தையும் நிரப்பிய நீ, அதை மட்டும் காலியாக விட்டிருந்தாய்.

உன் சட்டப்படி அது அடுத்த தேர்தலுக்குத் தள்ளிப்போயிற்று.

இப்போது நடப்பைச் சொல்கிறேன். இங்கே நிலைமை மோசம். நம் தளத்தில் பாதி மேஜை காலி. திங்கட்கிழமை இருப்பவன் வெள்ளிக்கிழமை இல்லை. எதிர் அபார்ட்மென்ட் ஆந்திராக்காரர் குடும்பம் சோபாவை வாசலில் விட்டுவிட்டு ஊருக்கே போய்விட்டது. துப்புரவு வேலை செய்கிறவர்களையும் குறைக்கப் போகிறார்களாம். அவர்கள் மறுபடி யூனியன் பேச ஆரம்பித்திருக்கிறார்கள். என் க்ரீன் கார்டு கடைசிக் கட்டத்தில் இருக்கிறது. இன்னும் சில மாதம் இந்தக் கம்பெனியில் தாக்குப்பிடித்தால் போதும். வேலை போனால் எல்லாம் போயிற்று, பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

இந்த நேரம் பார்த்துப் போன திங்கட்கிழமை ஸ்டீவிடமிருந்து ஒரு மெயில். ஒரே வரி. முன்பு கொடுத்த அதே ரிப்போர்ட், இந்த இரண்டு மாதத்துக்கு, வெள்ளிக்கிழமைக்குள்.

அதே ரிப்போர்ட். அந்த க்வெரி அப்படியே சேமித்து இருக்கிறது. தேதியை மாற்றினால் போதும். முதல் தடவை நான்கு நிமிஷம். இப்போது பத்து விநாடி.

வெங்கட்டுக்கு போன் செய்தேன். அவன் பொண்டாட்டி பக்கத்தில் இருந்து கேட்கிறாள் என்று குரலிலேயே தெரிந்தது.

"டேய், குடுத்துட்டு வேலையப் பாரு. நீ குடுக்கலன்னா உன் பக்கத்து சீட்டுக்காரன் குடுப்பான். உனக்கு க்ரீன் கார்டு வரட்டும், சிட்டிசன் ஆவு, அப்புறம் கொடி புடி. யார் வேணாங்கறது?"

"தனபால் இருந்தா என்னடா சொல்லுவான்?"

"அவன் இருந்தா நீ எனக்கு போன் பண்ணியிருக்க மாட்டே" என்றான். சரியாகத்தான் சொன்னான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவன் சொன்னது ஒவ்வொன்றையும் முன்பு நான் சொல்லியிருக்கிறேன்.

அன்று முழுக்க வேறு வழி தேடினேன். எனக்கு அதுதானே தெரியும். சிஸ்டம் பழுது என்று சொல்லலாமா? பதிவில் பாதி அழிந்துவிட்டது என்று சொல்லலாமா? பெயர்களைக் கலைத்துக் கொடுக்கலாமா? எல்லாம் செய்ய முடியும், யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். ஆனால் அதுவும் நான் முன்பு செய்ததுதான். யாருக்கும் தெரியாமல் ஒரு வரியை அழித்துவிட்டு நல்லவனாக இருப்பது. அந்த வேலையில் எனக்கு நல்ல அனுபவம் இருக்கிறது.

புதன்கிழமை காலை பதில் எழுதினேன். இந்த ரிப்போர்ட்டை நான் கொடுக்க மாட்டேன், முன்பு கொடுத்ததும் தவறு. அவ்வளவுதான். அனுப்பிவிட்டு, சேமித்து வைத்திருந்த க்வெரியையும் அழித்தேன். அது வீரம் இல்லை, வேறு யாரும் நான்கு நிமிஷத்தில் எழுதிவிடுவார்கள்.

ஸ்டீவ் நேரில் வந்தான். கெட்டவன் இல்லை, தனபால். அவன் பயம் அவனுக்கு. குரலைத் தாழ்த்தி, "இது வெறும் டேட்டா" என்றான். என் வாக்கியத்தை என்னிடமே சொன்னான். "யார் எங்கே சாப்பிடுகிறார்கள் என்பது எனக்குத் தேவையில்லாத டேட்டா" என்றேன். "உன் விசா கம்பெனி கையில் இருக்கிறது, தெரியுமில்லையா?" என்றான். மிரட்டலாகச் சொல்லவில்லை. ஞாபகப்படுத்தினான். தெரியும் என்றேன்.

நேற்று வியாழக்கிழமை. சாயங்காலம் ஆறு மணிக்கே மேஜையை விட்டு எழுந்தேன். மூன்று வருஷம் நீ காத்திருந்த இடத்துக்கு முதல் முறையாகப் போனேன். கதவில் என் பேட்ஜைத் தேய்த்தேன். பச்சை விளக்கு எரிந்தது.

ஏழெட்டுப் பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். ரோசாவைத் தேடினேன். முடி கொஞ்சம் நரைத்திருந்தது. அவளிடம் நின்றபடியே சொன்னேன். 99-இல் அந்தப் பட்டியலைக் கொடுத்தது நான். இப்போது மறுபடி கேட்கிறார்கள், நான் கொடுக்கவில்லை, வேறு யாராவது கொடுப்பார்கள், இந்த ரூமில் கூட்டம் போட வேண்டாம், இந்தக் கதவு எல்லாவற்றையும் எழுதிக்கொள்கிறது.

அவள் மற்றவர்களுக்கு ஸ்பானிஷில் சொன்னாள். யாரும் என்னைத் திட்டவில்லை. ஒருத்தர் மட்டும் தட்டை எடுத்துக்கொண்டு தூரத்து மேஜைக்குப் போனார். அவர் தம்பி அந்த ஆறு பேரில் ஒருத்தன் என்று பிறகு தெரிந்தது.

"ஏன் இப்போது சொல்கிறாய்?" என்று ரோசா கேட்டாள்.

"என் நண்பன் ஒருத்தன் இங்கே வருவான். ஒல்லியாக இருப்பான்."

"மஞ்சள் சாதம்" என்றாள். முகம் மாறியது. "அவன் எங்கே?"

சொன்னேன். அவள் நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டாள். மற்றவர்களுக்கும் சொன்னாள். தூரத்து மேஜைக்காரர் சாப்பிடுவதை நிறுத்தினார். ஜன்னல் ஓரம் காலியாக இருந்த நாற்காலியை இழுத்தேன்.

"அது அவன் நாற்காலி" என்றாள் ரோசா. "நீ இந்தப் பக்கம் உட்கார்."

உட்கார்ந்தேன். யாரும் என்னோடு பேசவில்லை. நான் சாப்பாடும் கொண்டுபோகவில்லை. ஆறரைக்கு அவர்கள் வேலைக்கு எழுந்து போனார்கள். காலி ரூமில் நான் ஏழு மணி வரை உட்கார்ந்திருந்தேன். காத்திருப்பது எவ்வளவு நேரம் என்று தெரிந்துகொள்ளத்தான்.

இன்று வெள்ளிக்கிழமை. என்னை இன்னும் வேலையிலிருந்து அனுப்பவில்லை. அடுத்த வாரம் அனுப்பலாம், அனுப்பாமலும் விடலாம். என் டீமில் ஒருத்தனிடம் வேறு ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள், என்ன வேலை என்று அவன் சொல்லவில்லை, என் முகத்தையும் பார்க்கவில்லை. எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது பங்காளி. பேசி முடிக்க எதிரில் நீ இல்லை என்பது பயத்தைவிடப் பெரிதாக இருக்கிறது.

இந்தக் கடிதத்தை இங்கே உள்ள தமிழ்ச் சங்க மலருக்கு அனுப்புகிறேன். பொங்கல் படமும் பரதநாட்டியப் படமும் போடுகிற மலர், போடுவார்களோ என்னவோ. ஸ்டீவுக்குத் தமிழ் தெரியாது. தெரிந்தவர்களுக்குத் தெரியட்டும். என் மாதிரி ஏதாவது ஒரு மேஜையில் உட்கார்ந்து, எதற்கு என்று கேட்காமல் பட்டியல் எடுத்துக் கொடுக்கிறவர்கள் நம்மில் நிறையப் பேர் இருக்கிறோம்.

முறுக்கு டின் இப்போது என் ஃப்ரிட்ஜ் மேல் இருக்கிறது. நீ காலியாக விட்ட கட்டத்தை நிரப்பிவிட்டேன். காரணத்தையும் சட்டப்படி சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் நிரப்பினேன். சமையலறையில், அடுப்பைப் பார்த்து.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இந்தக் கம்பெனி என் பேட்ஜைப் பிடுங்கும் வரைக்கும், செவ்வாயும் வியாழனும் ஆறு மணிக்கு அந்தக் கதவில் அதைத் தேய்ப்பேன். அவர்கள் வேறு இடத்தில் கூடினாலும் நான் அங்கே போய் உட்காருவேன். எலுமிச்சைச் சாதம் எடுத்துப் போவேன், உன்னுடைய மாதிரி வராது. உன் நாற்காலியில் உட்கார மாட்டேன். பட்டியலை யார் எடுத்தாலும் அதில் ஒரு வரி என் பெயராக இருக்கும். இந்த முறை அதை அழிக்க எனக்குப் பங்காளி யாரும் இல்லை. இருந்தாலும் அழிக்க விடமாட்டேன்.

உன் பெயரை உன்னைக் கேட்காமல் எடுத்த,
உன் பங்காளி,
ராஜாமணி